ஓட்டம் முதலில், ஒப்பனை பிறகு: வீட்டு ரயில்பாதையில் மாதிரி நீராவி எஞ்சின்கள்

1918 ஜூலையில் பால்டிமோர் அண்டு ஓஹையோ ரயில் நிறுவனத்துக்கு 4500 என்ற எண் தாங்கிய நீராவி எஞ்சின் ஒன்று வந்து சேர்ந்தது. கட்டியது பால்ட்வின் தொழிற்சாலை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு நாட்டின் தனியார் ரயில்பாதைகளைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. ஆளுக்கொரு வடிவத்தில் எஞ்சின் கட்டுவதை நிறுத்தி, எல்லோருக்கும் பொதுவாகப் பன்னிரண்டு வடிவங்களை வகுத்தது. அந்த வரிசையில் முதலில் வெளிவந்தது 4500. முன்னே இரண்டு, நடுவே எட்டு, பின்னே இரண்டு எனச் சக்கரங்கள் கொண்ட 'மிகாடோ' வகை அது. இன்றும் பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்தப் பொது வடிவங்களில் 1,800க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் கட்டப்பட்டன. 1920இல் ரயில்பாதைகள் உரிமையாளர்களிடம் திரும்பியதும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணிமனையில் அவற்றின்மேல் கைவைத்தது. ஓரிடத்தில் முகப்பு விளக்கு கீழே இறங்கியது. இன்னோரிடத்தில் பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் உருளை, புகைப்பெட்டியின் நெற்றியில் ஏறியது. வேறோரிடத்தில் நீரும் எரிபொருளும் சுமக்கும் டெண்டரையே கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டினார்கள். ஒரே வரைபடத்தில் பிறந்த எஞ்சின்கள் சில ஆண்டுகளில் ஒன்றுக்கொன்று அடையாளம் மாறிப்போயின.

மாதிரி ரயில் தயாரிப்பாளர்களுக்கு இந்த வரலாறு வசதியாக அமைந்தது. ஓர் அச்சில் வார்த்து, பத்து நிறுவனங்களின் பெயரை எழுதி விற்கலாம். எச்.ஓ. என்னும் மாதிரி அளவில் அந்தப் போர்க்கால மிகாடோவும் பசிபிக் வகையும் திரும்பத் திரும்பச் சந்தைக்கு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாங்கி வீட்டில் ஓட்டுபவருக்கோ சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பெட்டியிலிருந்து வெளியே வரும் எஞ்சின் 1919ஆம் ஆண்டுக்குச் சரி. அவருடைய லேஅவுட்டில் நடப்பது 1940. ஆகவே மாற்றியமைத்தே ஆக வேண்டும்.

எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில் இந்தத் துறையில் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. சேகரிப்பாளர்கள் எஞ்சினைப் பெட்டியோடு அப்படியே காப்பவர்கள். ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால்கூட விலை குறையும் என்பார்கள். இன்னொரு சாரார் நுண்ணளவுக்காரர்கள். பிரிட்டனின் ஓ.ஓ. அளவில் உடல் 1:76, தண்டவாள அகலமோ எச்.ஓ.வுக்கு உரிய 16.5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் எஞ்சின்களின் சிறிய உடலுக்குள் அக்கால மோட்டார் அடங்காததால் வந்த சமரசம் அது. அதை ஏற்காமல் சக்கரங்களைக் கழற்றி 18.2 அல்லது 18.83 மில்லிமீட்டருக்கு மாற்றியே ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் இருக்கும் பெரும்பான்மையோர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டி ஓடினால் போதும் என்பவர்கள்.

என் தீர்ப்பு நடுவில் இருப்பவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களில் பலர் வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் திக்கித் திக்கி ஓடும்போதே அதற்குப் புதிய மணியும் விசிலும் ஒட்டி, அழுக்குச் சாயமும் பூசிவிடுகிறார்கள். பிறகு ஓட்டத்தைச் சரிசெய்ய உடலைக் கழற்றினால், ஒட்டியவை உதிர்கின்றன, சாயம் கைரேகையோடு போகிறது. முதலில் மின்சாரம் போகும் வழி, அடுத்து சக்கரங்களின் ஒழுங்கு, பிறகு எடை, அதன்பின் மோட்டார், எல்லாம் முடிந்தபின் தோற்றம். இந்த வரிசை மாறாமல் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

மின்சாரம் எங்கே அறுபடுகிறது?

மாதிரி டீசல் எஞ்சினில் எட்டு அல்லது பன்னிரண்டு சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும், அத்தனையும் ஓட்டும். நீராவி எஞ்சினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்கள் சும்மா உருள்பவை. பழைய அமெரிக்கப் பித்தளை மாதிரிகளில் ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்து எஞ்சினின் இயக்குச் சக்கரங்களும், மறு பக்கத்திலிருந்து டெண்டரின் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும். இரண்டையும் சேர்ப்பது நடுவிலுள்ள இழுகம்பி. அந்தக் கம்பியின் துளையில் கறுப்புப் படிந்தால் போதும், வண்டி நின்றுவிடும். மோட்டார் போய்விட்டதாக நினைத்து வாங்கியவர் புது மோட்டார் தேடுவார்.

பாதை பிரியும் பாயிண்டில் இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால், சிறிய ஷண்டிங் எஞ்சின் அதன்மேல் வந்ததும் உயிரிழக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள். ஒன்று, அந்த இடத்துக்கும் மின்சாரம் வரும் வகைப் பாயிண்டைப் போடுவது. மற்றொன்று, டெண்டரின் எல்லாச் சக்கரங்களிலிருந்தும் இரு பக்கமும் மின்சாரம் எடுக்க ஏற்பாடு செய்வது. இரண்டாவது வேலைக்கு வேண்டியது 0.3 மில்லிமீட்டர் பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, செப்புப் பூச்சுள்ள சிறு அட்டைத் துண்டு, நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன், பொறுமை. கம்பி சக்கரத்தின் பின்முகத்தைத் தொட வேண்டும், ஆனால் பிரேக் போல் அழுத்தக் கூடாது. டெண்டரைக் கையால் தள்ளிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தாராளமாக உருளாவிட்டால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

சக்கரங்களைத் துடைப்பதற்குப் பஞ்சுக்குச்சியும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் போதும். இயக்குச் சக்கரங்களைத் துடைக்க எஞ்சினைத் தலைகீழாக ஒரு மெத்தென்ற தாங்கியில் வைத்து, இரண்டு வயர்களால் மின்சாரம் கொடுத்துச் சக்கரம் மெல்லச் சுழலும்போது பஞ்சை விளிம்புக்கு உள்ளே, தண்டவாளத்தைத் தொடும் பரப்பில் வைத்தால் கறுப்பு இறங்குவது கண்ணெதிரே தெரியும். இந்த ஆல்கஹால் அக்ரிலிக் சாயத்தைக் கரைக்கும். சக்கரத்தோடு நின்றுகொள்ள வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அது விட்டுச்செல்லும் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

தண்டவாளத்தை எதனால் துடைப்பது என்பது முடிவுறாத விவாதம். ஆல்கஹால் போன்ற திரவங்கள் விட்டுச்செல்லும் மெல்லிய படலம் நுண்பொறிகளைத் தூண்டிக் கறுப்பைப் பெருக்குகிறது; மண்ணெண்ணெய், மினரல் ஸ்பிரிட் வகையே நல்லது என்று ஒரு சாரார் அண்மைக் காலத்தில் வலுவாக வாதிடுகிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும் அது முழுக்க உலர்ந்தபின் ஓட்டுவது அவசியம். தீப்பிடிக்கும் திரவமும் மின்பொறியும் ஒரே இடத்தில் இருக்கலாகாது. தண்டவாளம் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த நிக்கல் சில்வர் தண்டவாளமே இன்றைய வழக்கம். பழைய விளையாட்டுப் பெட்டிகளோடு வந்த இரும்புத் தண்டவாளம் சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

சக்கரங்களின் ஒழுங்கு

எஞ்சின் மெதுவாகப் போகும்போது இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தால், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தயங்கினால், மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். நீராவி எஞ்சினில் ஒரு பக்கத்துக் கிராங்க் பின்னும் மறு பக்கத்துக் கிராங்க் பின்னும் 90 பாகை விலகி நிற்கும். உண்மை எஞ்சினில் இதன் நோக்கம், ஒரு பக்கத்துப் பிஸ்டன் கோடியில் நின்று தள்ள முடியாதபோது மறு பக்கத்துப் பிஸ்டன் தள்ளட்டும் என்பது. மாதிரியில் பிஸ்டன் வெறும் அலங்காரம். மோட்டார் ஓர் அச்சை மட்டும் திருப்புகிறது. மற்ற அச்சுகளுக்குச் சக்தி சைடு ராடு வழியாகத்தான் போகிறது. அதனால் இங்கே கோணம் துல்லியமாக 90 இல்லாமல் 88ஆக இருந்தாலும் பரவாயில்லை; எல்லா அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். ஓர் அச்சு மட்டும் பிசகினால் ராடு இறுகும், எஞ்சின் நொண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி? மோட்டாரைக் கழற்றிவிட்டு, சேஸியை மட்டும் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வையுங்கள். நான்கு ஜோடிச் சக்கரங்களில் ஏதாவது ஒன்று கண்ணாடியைத் தொடாமல் நின்றால், பின்னால் ஒரு விளக்கைப் பிடிக்கும்போது மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு தகட்டின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். நல்ல சேஸி சிறு சரிவிலேயே தானாக உருளும். உருளாவிட்டால் வால்வு கியர், பிஸ்டன் ராடு, சைடு ராடு என ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பத் திரும்ப உருட்டிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் உருள்கிறதோ, குற்றம் அதனிடம். கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனித்தனிக் கிண்ணத்தில் இடம் எழுதி வைப்பது நல்லது. 1.4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் 1.7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் கலந்துவிட்டால் பிரிப்பது எளிதல்ல.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கவே பிரிட்டனின் ராம்ஃபோர்டு சக்கரங்களில் அச்சின் முனையைச் சதுரமாக வெட்டியிருந்தார்கள். சதுரத் துளையில் மாட்டினால் கோணம் தானாக அமையும். அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் நிறுவனம் சக்கரத்தை இழுத்துக் கழற்றவும், கோணம் பிசகாமல் அழுத்திப் பொருத்தவும் தனிக் கருவிகளே செய்தது. அவை இல்லாமல் வெறும் கையால் சக்கரத்தைத் திருகிக் கோணத்தைச் சரிசெய்ய முயல்வதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒருமுறை தளர்ந்த சக்கரம் மறுபடி இறுகுவது அரிது.

திரும்பச் சேர்க்கும்போது ரிட்டர்ன் கிராங்க் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெல்ஜியத்தின் எகீட் வால்ஷார்ட் 1844இல் உருவாக்கிய வால்வு கியர்தான் பெரும்பாலான மாதிரிகளில் இருப்பது. கிராங்க் பின் கீழே வரும் நிலையில் அந்தச் சிறு கிராங்க் பெரும்பாலான நவீன எஞ்சின்களில் முன்பக்கம் சிலிண்டரை நோக்கிச் சாய்ந்திருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு பக்கம் முன்னும் மறு பக்கம் பின்னுமாக மாட்டப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்தே வரும் மாதிரிகள் உண்டு. ஓட்டத்துக்கு அதனால் பெரிய கேடில்லை; ஆனால் நீராவி எஞ்சின் அறிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பாயிண்டில் மட்டும் தடம் புரண்டால் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளக்க வேண்டும். ஓ.ஓ. மாதிரிகளில் அது 14.5 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 1935இல் தொடங்கிய அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஒரே தகட்டால் சோதிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிடுகிறது. என் கருத்தில், இந்தத் துறையில் நுழைபவர் எஞ்சினுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது அதைத்தான். பழைய ஐரோப்பிய மாதிரிகளில் சக்கர விளிம்பு மிக ஆழம். 2.54 மில்லிமீட்டர் உயரத் தண்டவாளத்தில் ஓடும். அதைவிடத் தாழ்வான 2.1 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஆணித்தலைகளில் தட்டும். லேத்தில் வைத்து விளிம்பைக் குறைப்பதே வழி.

வளைவுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். எச்.ஓ. வீட்டு லேஅவுட்டில் வழக்கமான 18 அங்குல ஆரம், உண்மை அளவில் 40 மீட்டர்தான். பெரிய மெயின்லைன் எஞ்சின் எதுவும் அத்தகைய வளைவில் போகாது. அதனால் தயாரிப்பாளர்கள் நடுச் சக்கரங்களில் விளிம்பை எடுத்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே அகன்ற இடைவெளி விடுகிறார்கள். யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' எஞ்சின்கள் 25இலும் முன் தொகுதிச் சக்கரங்கள் மட்டுமே திரும்பும். பல மாதிரிகளில் இரு தொகுதியும் திரும்பும். உங்கள் வளைவு அகலமானதென்றால் இழுகம்பியைக் குட்டையாக்கி டெண்டரை நெருக்கிவிடலாம். மிகச் சிறிய வேலை, ஆனால் எஞ்சினின் தோரணையையே மாற்றிவிடும்.

எடையும் மோட்டாரும்

மாதிரி எஞ்சின் இழுக்கும் விசை, இயக்குச் சக்கரங்களின்மேல் விழும் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரைதான். பாய்லருக்குள் ஈயமோ டங்ஸ்டனோ சேர்த்தால் இழுவை கூடும். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுக்கு 19.3. குறுகிய இடத்துக்கு இரண்டாவதே ஏற்றது. ஈயத்தூளின் நச்சும் அதில் இல்லை. எடையின் மையம் இயக்குச் சக்கரங்களின் நடுவே விழ வேண்டும். எஞ்சினை நடு அச்சுக்கு நேரே ஒரு பென்சிலின்மேல் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எடைக்கும் எல்லை உண்டு. வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு முழு மின்னழுத்தம் கொடுக்கும்போது சக்கரங்கள் வழுக்கிச் சுழல வேண்டும். சுழலாமல் மோட்டார் நின்றுபோனால், ஏற்றிய எடை அதிகம். அந்த நிலையில் மோட்டாரின் சுருள் எரிந்துபோகும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரங்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவை எளிதில் வழுக்குவதில்லை. ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரமும் எடுக்காது. சில ஆண்டுகளில் ரப்பர் காய்ந்து கட்டியாகும்போது வண்டி குதிக்கத் தொடங்கும். போதிய எடை இருந்தால் ரப்பர் இல்லாத சக்கரமே மேல்.

மோட்டாரை மாற்றலாமா என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வர வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.7 மீட்டர் விட்டமுள்ள இயக்குச் சக்கரம் கொண்ட எக்ஸ்பிரஸ் எஞ்சின் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது. எச்.ஓ. அளவில் அந்த வேகம் நொடிக்கு 32 சென்டிமீட்டர். சக்கர விட்டம் 19.5 மில்லிமீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 312 முறை சுழலும். கியர் விகிதம் 30க்கு 1 என்றால் மோட்டார் 9,400 முறை சுழல வேண்டும். இன்றைய சிறு மோட்டார்கள் 12 வோல்ட்டில் இதை அனாயாசமாகத் தாண்டும். அதனால்தான் பல எஞ்சின்கள் முழு மின்னழுத்தத்தில் அம்பாகப் பாய்கின்றன, ஆனால் ஷண்டிங்குக்கு வேண்டிய ஊர்நடை வருவதில்லை. வேகமான புது மோட்டார் இதைத் தீர்க்காது. கியர் விகிதத்தைக் கூட்டுவதோ, ஐந்து துருவ மோட்டாருக்கு மாறுவதோதான் தீர்க்கும்.

1960, 70களின் திறந்த சட்ட மோட்டார்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கம்யூட்டேட்டரைத் துடைத்து, அதன் பிளவுகளில் அடைந்த கரித்தூளைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, புது பிரஷ் போட்டால் பல மோட்டார்கள் மறுபடி ஓடும். அவற்றின் அல்னிகோ காந்தத்தைச் சட்டத்திலிருந்து அப்படியே உருவினால் காந்த வலிமை குறையும்; உருவும்போதே ஓர் இரும்புத் துண்டை இரு துருவங்களுக்கும் குறுக்கே ஒட்டவிட வேண்டும். வலுவிழந்த காந்தத்துக்குப் பதில் சிறு நியோடிமியம் காந்தங்களை வைத்தால் மோட்டார் குறைந்த மின்சாரத்தில் நிதானமாக ஓடும். கோர்லெஸ் மோட்டார் போடுபவர்கள் பழைய பல்ஸ் வகைக் கட்டுப்பாட்டுக் கருவியை ஒதுக்கிவிட வேண்டும். அது மோட்டாரைச் சூடாக்கிக் கெடுக்கும்.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே: குறைவாக. பிளாஸ்டிக்கைத் தாக்காதது என்று குறிப்பிட்ட எண்ணெயை ஊசி நுனியில் தொட்டு, அச்சுத் தாங்கிக்கு ஒரு சொட்டு, கிராங்க் பின்னுக்கு அதிலும் பாதி. கியருக்கு கிரீஸ். கம்யூட்டேட்டரில் எண்ணெய் பட்டால் கரித்தூளோடு குழைந்து மின்சாரத்தைக் குறுக்கே கடத்தும். துருவை இளக்கும் ஸ்பிரேக்கள் உயவுக்கானவை அல்ல. அலமாரியில் பல ஆண்டு கிடந்த எஞ்சினில் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துக் கழுவாமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஒலி வந்தால் அச்சில் இறுக்கிப் பொருத்திய பிளாஸ்டிக் கியர் வெடித்திருக்கிறது. வெடிப்பு விழுந்த இடத்தில் இரு பற்களின் இடைவெளி கூடிவிடுவதால் வரும் ஒலி அது. பசை நிற்காது, கியரை மாற்ற வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த சேஸி உப்பி, மயிரிழை வெடிப்புகள் விட்டால் அதற்கு மருந்தே இல்லை. வார்ப்பின்போது ஈயம் போன்ற மாசு கலந்ததால் உலோகத்தின் உள்ளிருந்து பரவும் நோய் அது. போருக்கு முந்தைய ஹார்ன்பி டப்ளோ மாதிரிகளிலும் உண்டு, அண்மைக்காலச் சீனத் தயாரிப்புகள் சிலவற்றிலும் உண்டு. பழைய எஞ்சின் வாங்குபவர் உடலின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, அடிப்பகுதியைத் திருப்பி சேஸி நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

டிகோடரும் ஒலியும்

1980களின் இறுதியில் ஜெர்மனியில் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் டி.சி.சி. தரத்தை வகுத்தது. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும். எந்த எஞ்சின் எப்படி ஓட வேண்டும் என்ற கட்டளையும் அதிலேயே போகும். பழைய நீராவி எஞ்சினில் அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடரைப் பொருத்துவதற்கு ஒரே நிபந்தனை: மோட்டாரின் இரு பிரஷ்களும் சேஸியிலிருந்து முழுமையாகப் பிரிந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஒரு பிரஷிலும் சேஸியிலும் வைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டால் டிகோடர் நொடியில் போய்விடும். வயர்களின் நிறங்கள் எல்லா நிறுவனத்துக்கும் பொது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு, நீலம் விளக்குகளின் பொதுக் கம்பி. எல்.இ.டி.யோடு 1,000 ஓம் மின்தடை சேர்க்க மறக்க வேண்டாம்.

டெண்டர் இருப்பது இங்கே பெரிய வரம். டிகோடர், ஸ்பீக்கர், மின்சாரம் கண நேரம் அறுந்தாலும் தாங்கும் கெப்பாசிட்டர் எல்லாமே அதில் அடங்கும். கெப்பாசிட்டர் வைத்துவிட்டால் சக்கரம் துடைக்க வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது அழுக்கை மறைக்கும், போக்காது. ஒலியில் கவனிக்க வேண்டியது தாளம்: இரு சிலிண்டர் எஞ்சின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'சுஃப்' என்னும், மூன்று சிலிண்டர் எஞ்சின் ஆறு முறை. சக்கரத்தோடு ஒத்துப்போகாத விலையுயர்ந்த ஒலி, ஒலியே இல்லாததைவிட மோசம். புகை உண்டாக்கும் கருவிகளை நான் ஆதரிப்பதில்லை. அவற்றின் எண்ணெய் தண்டவாளத்தில் படிந்து, துடைத்த வேலையையெல்லாம் வீணாக்குகிறது.

உண்மை நீராவியில் ஓடும் மாதிரிகளின் உலகம் தனி. 1920களில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதியவர், நிலக்கரி எரிக்கும் சிறு எஞ்சினால் ஆளையே இழுக்க முடியும் என்று இங்கிலாந்தில் நிரூபித்தார். 2003இல் ஹார்ன்பி, டெண்டரில் மின்சாரத்தால் நீரைக் கொதிக்கவைத்து ஓடும் ஓ.ஓ. அளவு 'மல்லார்டு' எஞ்சினையே வெளியிட்டது. காய்ச்சி வடித்த நீர், நீராவிக்கு உரிய எண்ணெய், பாதுகாப்பு வால்வின் சோதனை என்று அதன் பராமரிப்பு வேறு பாடம். அழுத்தம் தாங்கும் பாய்லரில் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யக் கூடாது.

எந்த ஆண்டின் எஞ்சின்?

ஓட்டம் சரியான பிறகு தோற்றத்துக்கு வரலாம். கெம்ட்ரான், கால் ஸ்கேல் போன்ற நிறுவனங்கள் மெழுகு வார்ப்பு முறையில் செய்த பித்தளை உதிரிகள் இந்தக் கலையை வளர்த்தன: மணி, பம்ப், முகப்பு விளக்கு, நீர்ச்சூடேற்றி. இன்று முப்பரிமாண அச்சில் வேண்டியதை வீட்டிலேயே எடுக்கலாம். ஆனால் எதை ஒட்டுவது என்பதை உதிரிப் பட்டியல் முடிவுசெய்யக் கூடாது. ஒரு குறிப்பிட்ட எண் கொண்ட எஞ்சினின், ஆண்டு குறித்த ஒரு புகைப்படம் முடிவுசெய்ய வேண்டும். உண்மை எஞ்சின் பணிமனைக்குப் போன ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது. 1926இன் பம்பும் 1944இன் டெண்டரும் ஒரே மாதிரியில் சேர்ந்தால், அப்படி ஓர் எஞ்சின் எந்த நாளிலும் ஓடியதில்லை.

நம் ஊர் எஞ்சினை எடுத்தாலும் இதேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலைப்பாதையில், 12க்கு 1 வரையான ஏற்றத்தில் ஏறும் நீலகிரி எக்ஸ் வகை எஞ்சின், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்த வடிவம். நான்கு சிலிண்டர், கீழிரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, மேலிரண்டு பல்சக்கரங்களுக்கு. திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களைப் பிற்காலத்தில் புதிதாகவே கட்டியது. நிலக்கரிக் காலத்து எஞ்சினை மாதிரி செய்பவர் இன்று மேட்டுப்பாளையத்தில் எடுத்த படத்தைப் பார்த்துச் செய்தால் பிசகும். அகலப்பாதை எஞ்சின் என்றால் இன்னொரு சிக்கல்: 1,676 மில்லிமீட்டர் பாதை எச்.ஓ. அளவில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைப்பதோ 16.5. அந்தக் குறையோடு வாழ்வதா, சக்கரத்தையும் பாதையையும் கையால் செய்வதா என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

அழுக்குப் பூச்சில் வழிகாட்டி கலிபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். தன் வீட்டில் அவர் உருவாக்கிய மலை ரயில் லேஅவுட், உழைத்துக் களைத்த எஞ்சின்களை அழகென்று ஏற்க ஒரு தலைமுறையைப் பழக்கியது. 1973இல் அவர் இறந்த சில நாட்களில் அது தீயில் அழிந்தது, புகைப்படங்களே மிஞ்சின. நீராவி எஞ்சினின் அழுக்குக்குக் காரணங்கள் உண்டு. பாய்லர் முதுகில் கரி, பாதுகாப்பு வால்வைச் சுற்றிச் சுண்ணாம்பு வெண்மை, சாம்பல் தட்டின் கீழே தூசு, சைடு ராடில் எண்ணெய்ப் பளபளப்பு. எல்லா இடத்திலும் ஒரே பழுப்பைத் தூவுவது அழுக்கல்ல, மூடல். சக்கரங்களுக்குத் தெளிக்கும்போது மின்சாரம் கொடுத்துச் சுழலவிட்டுத் தெளித்தால் ராடின் நிழல் விழாது. பின்னர் தண்டவாளம் தொடும் பரப்பைத் துடைத்துவிட வேண்டும்.

பாதுகாப்பதில் நம் தட்பவெப்பம் கூடுதல் கவனம் கேட்கிறது. பெட்டியோடு வரும் பழைய நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் இளகிச் சாயத்தில் ஒட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டு மெல்லிய பாலிதீனில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு வைக்கலாம். ஓடாத எஞ்சினையும் மாதம் ஒருமுறையாவது இரு திசையிலும் சற்று நேரம் ஓட்டுவது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு சிறு நோட்டு வையுங்கள்: எண்ணெய் இட்ட தேதி, மாற்றிய கியரின் பல் எண்ணிக்கை, டிகோடரின் முகவரி, மோட்டார் நின்றபோது இழுத்த மின்சாரம், ஆதாரமாகக் கொண்ட புகைப்படத்தின் ஆண்டு. கழற்றிய மூலப் பாகங்களைப் பெயர் எழுதிய உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். சங்கங்களிலும் ஏலங்களிலும் கைமாறி வரும் எஞ்சின்களில் பல, யார் எப்போது என்ன செய்தார் என்பது தெரியாமலேயே குப்பைக்குப் போகின்றன. உங்கள் எஞ்சினை அடுத்து வாங்குபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த நோட்டு அவருக்குச் சொல்லும்.